வானளந்தானுக்குத் தண்ணி காட்டுறது யாருடே?

மருமவனே, நீ அனுப்புன கதைய வாசிச்சு முடிச்சேன். இளவரசி நல்லாருக்கா. வாள் சண்டை நல்லாருக்கு. வில்லன் பேசுற பேச்சப் பாத்தா நம்ம சொந்தத்துல ரெண்டு பேரு கேசு போட்டாலும் போடுவாவ, அம்புட்டுத் தத்ரூபம். எல்லாஞ் சரி. அந்த மரந்தான்டே இடிக்கி.

வானளந்தான்னு பேரு. மூணு கிலோமீட்டர் உசரம். உச்சியில ஒரு நாடு, நாட்டுக்கு ஒரு ராசா, ராசாவுக்கு யானைப்படை. அவ்வளவு உசரத்துக்கு யானைய ஏத்தி விட்டது எவன்னு நான் கேக்கப் போறதில்ல. கதையில யானை ஏறும், தப்பில்ல. யானை ஏறிருச்சு, தண்ணி ஏறணும்லா? உச்சியில ஆடுற கடைசி இலைக்குத் தண்ணி எப்படிப் போச்சு? எட்டு அத்தியாயம் எழுதிருக்க, அதுக்கு ஒரு வரி இல்ல.

'மாய உலகத்துல என்ன மாமா கணக்கு'ன்னு வாயத் தொறக்காத. மந்திரவாதி வந்து மந்திரம் போட்டாம்னு எழுதிருந்தா நான் கையக் கட்டிட்டு உக்காந்துருப்பேன். நீ அப்படியா எழுதுன? 'இயற்கையின் பேரதிசயம்'னுல்லா எழுதிருக்க. இயற்கைன்னு சொல்லிட்டா இயற்கைகிட்டத்தான் பட்டா வாங்கணும். அதுவும் போக ஒம்மாமன் காலேஜுல தாவரவியல் லேப்புல அட்டெண்டரா இருந்தவன். பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் ஒரு வருசந்தான். கண்ணாடிச் சில்லு கழுவிக் குடுத்த எனக்கு வருசா வருசம். வாத்தியாருமாரு ரிட்டயர் ஆகும்போது வீட்ல எடமில்லன்னு புஸ்தகத்த எல்லாம் என் தலையில கட்டிட்டுப் போனாவ. பரணு பூரா அதான் கெடக்கு. எலி தின்னது போக மிச்சத்த நான் வாசிச்சுருக்கேன்.

நம்ம பழைய கெணத்த எட்டிப் பாத்திருக்கியா? மோட்டாரு மேல இருக்காது. பாதிக் கெணத்துல கல்லு நட்டு, மேடை கட்டி, அதுல எறக்கி வச்சிருக்கும். கோடையில தண்ணி கீழ போகப் போக மோட்டாரையும் கீழ எறக்குவாவ ஒங்க தாத்தா. ஏன்? உறிஞ்சுற மோட்டாருக்கு ஒரு எல்லை உண்டு. அது உறிஞ்சுதுன்னு நாம சொல்லுதோம், உண்மையில தண்ணிய மேல தள்ளுறது வெளிக்காத்தோட அழுத்தம். அந்த அழுத்தம் எவ்வளவு முக்குனாலும் 10 மீட்டர் சொச்சந்தான் தள்ளும். நடைமுறையில 25 அடி தாண்டுனாலே மோட்டாரு வெறுங்காத்த மெல்லும். இத்தனைக்கும் அந்தக் கெணத்துமேட்டுல நிக்க நம்ம தென்னை அதப் போல ரெண்டு மடங்கு உசரம். அதுக்கு எந்த மோட்டாரு? எந்த ஈபி ஆபீசுல பில்லு கட்டுச்சு?

இதத்தான் வெள்ளைக்காரனும் மண்டையப் போட்டு ஒடச்சுருக்கான். ஜெர்மனியில ஸ்ட்ராஸ்பர்கர்னு ஒருத்தரு. மரத்துல உயிருள்ள செல்லுதான் தண்ணிய ஏத்துதுன்னு அப்ப பல பேரு நம்புனாவ. இவரு 20 மீட்டருக்கு மேல உசரமான ஓக் மரத்த அடியில வெட்டி, வெட்டுன வாய விசத்துல நிறுத்திட்டாரு. விசம் ஏற ஏற வழியில உள்ள உயிர்ச் செல்லெல்லாம் செத்துப் போச்சு. தண்ணி மட்டும் நிக்கல; செத்த கட்டை வழியா ஏறிக்கிட்டே போச்சு. 1891-ல அத எழுதி அச்சுல போட்டாரு. நீயும் பேய்க்கதை எழுதுறவந்தான, செத்த மரம் தண்ணி குடிச்சத விடவா ஒரு பேய்க்கதை வேணும்?

மூணு வருசம் கழிச்சு, 1894-ல, டப்ளின்ல டிக்சன்னும் ஜோலின்னும் ரெண்டு பேரு சூட்சுமத்தச் சொன்னாவ. கீழ இருந்து யாரும் தள்ளல, மேல இருந்து இழுக்காவ. இலையில சின்னச் சின்ன வாய் இருக்கு. வெயில் காஞ்சா அது வழியா ஈரம் ஆவியாப் போகுது. போற துளி பின்னால உள்ள துளிய விடாமப் பிடிச்சு இழுக்கும். அது அதுக்குப் பின்னால உள்ளத. இலையில இருந்து வேர் நுனி வரைக்கும் மயிரிழையில பல்லாயிரம் தண்ணி நூலு. கமலையில வாளி வேற, கயிறு வேற. மரத்துல தண்ணியே வாளி, தண்ணியே கயிறு. இழுக்க மாடு சூரியன். அதுக்குத் தீவனமும் வேண்டாம்.

இப்ப வருது வில்லங்கம். கயிறு நீள நீள அதோட கனத்தயே அது தாங்கணும்லா. 10 மீட்டர் ஏற ஏற இன்னொரு காத்தழுத்தம் அளவுக்கு இழுவை கூடும். குழாய்ல உரசுறதுக்குத் தனிக் கணக்கு. இழுவை கூடிப்போனா தண்ணி நூலு அறுந்து, நடுவுல காத்துக் குமிழி பூந்துரும். பூந்த குழாய் வேலைக்காவாது.

இன்னைக்குத் தேதிக்கு உலகத்துலயே உசரமான மரம் கலிபோர்னியாவுல நிக்கி. கடலோர ரெட்வுட். ஹைபீரியன்னு பேரு வச்சிருக்கான். 2006-ல கண்டுபிடிச்சான், உசரம் சுமாரா 116 மீட்டர். எங்க நிக்கின்னு அரசாங்கம் சொல்லல, ஆனாலும் சனம் மோப்பம் பிடிச்சுப் போயி, வேரச் சுத்தி மண்ண மிதிச்சுக் கட்டாந்தரை ஆக்கிட்டு. 2022-ல, பக்கத்துல போனா 5,000 டாலர் அபராதம், ஆறு மாசம் உள்ளன்னு அறிவிச்சுட்டாவ. ஒன் ராசாவும் அப்படி ஒரு சட்டம் போட்ருக்கலாம். யானைப்படைய வேருமேல நடக்க விடுதான் மடையன்.

அந்த ரெட்வுட்டுல கோக், சில்லட்னு ஆராய்ச்சிக்காரவுக கயிறு கட்டி உச்சிக்கே ஏறி இலையப் பறிச்சுப் பாத்துருக்காவ. கீழ்க்கிளை இலை நீளமா, தட்டையா, தாராளமா விரிஞ்சு கெடக்கு. மேல போகப் போகக் குறுகி, உச்சியில செதில் செதிலா குச்சியோட ஒட்டிக் கெடக்கு. ஒரே மரம், அடியில பறிச்சதையும் நுனியில பறிச்சதையும் பக்கத்துல வச்சா வேற வேற சாதின்னு சத்தியம் பண்ணுவ. உச்சியில எத்தன மழை பேஞ்சாலும் இலை தண்ணிக்கு ஏங்கிக்கிட்டுத்தான் இருக்கு. இலை சின்னதாக ஆகச் சமையலும் கொறையும், வளர்ச்சியும் கொறையும். கணக்குப் போட்டு 2004-ல சொன்னாவ: இந்த மண்ணுல மரம் போகக்கூடிய எல்லை 122-ல இருந்து 130 மீட்டர். நீ மூவாயிரம் மீட்டர்ங்க. தண்ணிய வெறுமனத் தூக்கி நிறுத்தவே 300 காத்தழுத்தம் வேணும். எந்தக் குழாயும் உள்வாங்கி நசுங்கிரும்டே.

இதச் சொல்லி ஒன் கதைய மூடச் சொல்லல. எட்டாம் பக்கத்துல ஒரு விசயம் நீயே அறியாம எழுதிருக்க. உச்சியில இருந்து அருவி விழுதாம், அதுல இளவரசி குளிக்காளாம். அந்தத் தண்ணி வேர்ல இருந்து ஏறி வந்ததுன்னு வச்சே பாரு, அங்கதான் குட்டிச்சுவரு. கீழ இருந்து அரும்பாடுபட்டு இழுத்த தண்ணிய அருவியா ஊத்தி விடுத மரம் மறுநாளே பட்டுப்போகும். அதத் திருப்பிப் போடு. மூணு கிலோமீட்டர் உசரம்னா மேகம் தவழுற எடம். மரம் மேகத்தைக் குடிக்கட்டும்.

கட்டுக்கதை இல்லடே. ரெட்வுட் நிக்க ஊர்ல கோடை பூரா மழை கெடையாது, கடல் மூடுபனிதான் வரும். அந்தக் காட்டுக்கு வருசத்துக்கு வாற தண்ணியில மூணுல ஒரு பங்கு பனியில இருந்து வருதுன்னு அளந்துருக்காவ. இலையில பட்டுச் சொட்டி வேருக்குப் போறது ஒருபக்கம். இலையே நேரா உறிஞ்சிக்கிடறது இன்னொரு பக்கம். உச்சி இலை கையேந்துறது வேர்கிட்ட இல்ல, மேகத்துக்கிட்ட.

இதவிட ஒரு விசயம் இருக்கு, அதக் கேட்டா நீ ராத்திரி தூங்கமாட்ட. மரத்துல, கவட்டுல, கிளைமேல காலங்காலமா இலை உதிர்ந்து மக்கி மண்ணாகும். ரெட்வுட் உச்சியில அப்படி ஒரு முழ, ரெண்டு முழ ஆழத்துக்கு மண்ணு கெடக்கு. தரையில இருந்து கொண்டு போனதில்ல, அங்கயே உண்டானது. அதுல பெரணி புதரா மண்டிக் கெடக்கு. பழச்செடி காய்க்கி. வேற சாதி மரக்கன்னு முளைக்கி. அந்தப் பெரணி மெத்தை ஈரத்துல, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான பொடிப்பொடி நீர்ப்பூச்சி நீந்துது. கடல்ல, கொளத்துல இருக்க வேண்டியது, அந்தரத்துல!

சாலமாண்டர்னு ஒண்ணு, பாக்கப் பல்லியா இருக்கும், ஆனா தவளைக்குச் சொந்தம். அதுவும் அங்கனயே குடியிருக்கு. ஆபத்துன்னா யோசிக்காது, குதிச்சுரும். குதிச்சுட்டு கையக் கால விரிச்சு, காத்துல திசை திருப்பி, மறுபடி மரத்துலயே வந்து ஒட்டிக்கிடும். கீழ இருந்து காத்தடிக்க எந்திரத்துல அத மிதக்க விட்டு, அதிவேகக் கேமராவுல படம் பிடிச்சு 2022-ல எழுதிருக்காவ. றெக்கை கெடையாது, தோல் மடிப்பு கெடையாது. நீ என்னமோ பறக்குற குதிரைய உச்சியில மேய விட்டுருக்க. குதிரைக்கு அங்கன என்னடே வேலை? இந்தச் சாலமாண்டர்ல இருந்து ஆரம்பிச்சிருந்தா வாசிக்கவன் வாயில ஈ போயிருக்கும்.

வேருக்கு வாரேன். நளினி நட்கர்ணின்னு ஒரு அம்மா, அப்பா நம்ம நாட்டுக்காரரு. அமெரிக்காவுல வாஷிங்டன் மாகாணத்து மழைக்காட்டுல மேப்பிள் மரமேறிப் பாசி மெத்தையப் பேத்துப் பாத்துருக்காவ. உள்ள வேரு! எதோ ஒட்டுச்செடி வேருன்னுதான் யாருக்கும் தோணும். அந்தம்மா விடாமத் தொட்டுக்கிட்டே போனா, அது அந்த மேப்பிளோட சொந்த வேரு. தன் கிளையில இருந்தே வேர் விட்டு, தன் கிளையில மக்குன மண்ணுல இருந்தே தின்னுக்கிட்டு இருக்கு. 1981-ல இத வெளியிட்டாவ.

புரியுதா மருமவனே? ஒனக்கு வழி கெடச்சுப் போச்சு. வானளந்தான்ல நூறு மீட்டருக்கு ஒரு மண் அடுக்கு வையி. ஒவ்வொரு அடுக்குலயும் புது வேரு, அந்தந்த அடுக்குக்கு அந்தந்த மேகம். அப்ப அது ஒரு மரமில்ல, ஒண்ணுமேல ஒண்ணா நிக்க முப்பது மரம். அடுக்குக்கு ஒரு ஊரு. மேலடுக்குக்காரன் மேகத்தப் பூரா குடிச்சுட்டான், கீழடுக்குக்குச் சொட்டு வரலன்னு பஞ்சாயத்து வரும். தண்ணிச் சண்டை இல்லாத ஊரு எங்கடே இருக்கு? ஒன் வில்லனுக்கு வாளே வேண்டாம், மடையடைப்பு போதும்.

அடுத்து கனம். 'அடிமரத்தப் பத்து வீரர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கலாம்'னு பெருமையா எழுதிருக்க. படிச்சுட்டு வெத்திலைச் சாறு பொரையேறிருச்சு. கலிபோர்னியாவுல ஜெனரல் ஷெர்மன்னு ஒரு சீக்கோயா நிக்கி. 84 மீட்டருதான் உசரம், ஆனா ஒத்தைக் கட்டையோட கன அளவுல உலகத்துலயே பெருசு. அடியில சுத்தளவு 31 மீட்டர். அதக் கட்டிப்பிடிக்கவே இருவது ஆளு வேணும். மூணு கிலோமீட்டருக்குப் பத்து ஆளா?

கலிலியோ கண்ணு மங்குற காலத்துல எழுதி 1638-ல வந்த புஸ்தகத்துலயே இது இருக்கு. ஒரு பொருள எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்காக்குனா கனம் எட்டு மடங்காகும். தாங்குற கட்டையோட வெட்டுமுகம் நாலு மடங்குதான் ஆகும். வரவு நாலு, செலவு எட்டு. அதனால இருநூறு முழ உசர ஓக் மரம் தன் கிளையவே தாங்காதுங்காரு. அவரு ஊரு முழத்துக்கு அது கிட்டத்தட்ட 116 மீட்டர்! ரெட்வுட்டப் பாத்தவரில்ல, அவரு சொன்னது கிளை முறியுறதப் பத்தி, தண்ணியப் பத்தி இல்ல. இருந்தாலும் கெழவன் குறி அந்தப் பக்கமாத்தான் விழுந்துருக்கு.

1973-ல மெக்மேகன்னு ஒருத்தரு அமெரிக்க மரங்களோட அளவையெல்லாம் பரப்பி வச்சுப் பாத்தாரு. மரம் தன் கனத்துலயே வளைஞ்சு சாயுற உசரம் ஒண்ணு உண்டு. மரங்க அதுல நாலுல ஒரு பங்குக்கிட்டயே நின்னுக்கிடுது. புத்திசாலி, புயலுக்கு மிச்சம் வைக்கி. உசரத்தவிட தடிமன் வேகமாக் கூடணும்ங்கதுதான் அந்தக் கணக்கோட சாரம். அதப் பிடிச்சு ஒன் மரத்துக்கு நான் காலண்டர் தாள்ல போட்டுப் பாத்தேன்: அடிமரம் அரைக் கிலோமீட்டருக்கு மேல அகலம் வரணும். அதச் சுத்தி வரவே மினிபஸ் விடணும். கட்டிப்பிடிக்கிற வீரன எல்லாம் டிக்கெட் கிழிக்கப் போடு.

அவ்வளவு தடிக்கட்டையில உயிர் இருக்கது பட்டைக்கு அடியில மெல்லிசா ஒரு சுத்துதான். நடுவுல உள்ள வைரம் பூரா செத்த கட்டை. அது உளுத்துப் பொந்தானாலும் மரம் நிக்கும். சும்மா ஒண்ணும் சொல்லல, பொந்துக்குள்ள ஆளு நொழையுற அளவுக்கு இருக்க புளியமரம் காய்க்கத்தான செய்யுது. அதனால ராசாவ உச்சியில வெயில்ல காயப்போடாம, உள்ள குடி வையி. செத்த கட்டையக் குடைஞ்சு தெரு போடலாம், சந்தை போடலாம், செயிலும் போடலாம். வெளிச்சுத்துல கை வச்சவனுக்கு மட்டும் தலை போகும்னு சட்டம். தண்ணிக் குழாயும் அங்கதான ஓடுது.

ஆறாம் அத்தியாயத்துல நாகம் வந்து தீய ஊதி வானளந்தான எரிக்கி, எல்லாரும் அழுதாவ. எதுக்கு அழணும்? ரெட்வுட் பட்டை ஓரடி கனம் வரும். 2020 ஆகஸ்டுல கலிபோர்னியாவுல பிக் பேசின்னு ஒரு ரெட்வுட் காட்டையே தீ தின்னுட்டு. உச்சி வரைக்கும் எரிஞ்சு கரிக்கம்பமா நின்னுச்சு. கொஞ்ச மாசத்துல அந்தக் கரிக்குள்ள இருந்து பச்சைப் பச்சையாத் தளுத்துட்டு. எத்தனையோ தலைமுறையாப் பட்டைக்குள்ள தூங்குன மொட்டு. துளிரு விடச் செலவழிச்ச சாப்பாட்டுல பல வருசத்துக்கு முந்திச் சேத்து வச்சதும் இருந்துச்சுன்னு அளந்து சொல்லிருக்காவ. நாகம் எரிச்சுட்டுப் போனப்புறம் அழுகைய ஒரு பக்கத்துல முடி. அடுத்த பக்கத்துல கரியக் கிழிச்சுத் துளிரு வரட்டும், நாகத்துக்குத்தான் அவமானம்.

'பண்டோரா'ன்னு அந்த அவதார் படத்துல காட்டுனாம்லா, நானுங் காட்டுதேம்னா ஒரு வார்த்தை கேட்டுக்க. அவன் மொதல்லயே அங்க ஈர்ப்பு கொறைவுன்னு சொல்லிட்டான், தப்பிச்சுட்டான். ஈர்ப்பு பாதியானா தண்ணிக் கயிறோட கனமும் பாதி. செவ்வாய்ல நம்ம ஈர்ப்புல 38 சதவீதந்தான். 130 மீட்டர் எல்லை அங்க கிட்டத்தட்ட 340 ஆகும், உரசல் செலவக் கழிக்காம. ஈர்ப்பு கொறஞ்சா காத்தப் பிடிச்சு வைக்கதும் கஷ்டம், செவ்வாயப் பாரு, மூச்சுவிடக் காத்தில்ல. ஒன் ராசாவும் ரெண்டு அடி வச்சா நாலு அடி தாவுவான். வாள் சண்டைய எல்லாம் திரும்ப எழுதணும். ஒனக்கு அது சரிப்படாது, விடு.

உசரந்தான் பெருசுன்னு எவன் சொன்னான்? படுத்துக்கிட்டே பெருசாகலாம். ஆந்திராவுல அனந்தப்பூர் பக்கம் திம்மம்மா ஆலமரம். ஒத்த மரம் அஞ்சு ஏக்கர் போல விரிஞ்சு கெடக்கு. 1989-ல கின்னஸ்ல ஏறுச்சு. கல்கத்தாவுக்கு அக்கரையில ஹவுரா தோட்டத்துல ஒரு ஆலு; புயல்ல அடிபட்டு, காளான் பிடிச்சு, 1925-ல தாய்மரத்தயே வெட்டி எடுத்துட்டாவ. மரம் சாகல. விழுதெல்லாம் நிக்கி, நடுவுல தாய் இல்ல. நம்ம அடையாறு ஆலுக்கும் அதே கதி: 1989 காத்துல தாய்மரம் சாஞ்சுச்சு, விழுதுக குடும்பத்த நடத்துது. ராசா செத்தது தெரியாம நூறு வருசம் நடக்குற ராச்சியம்! இத வச்சுக்கிட்டு நீ வாரிசுச் சண்டைய எங்கயோ போயித் தேடுத.

அமெரிக்காவுல யூட்டா மாகாணத்துல பாண்டோன்னு ஒரு ஆஸ்பென் காடு. 43 ஹெக்டேர். பாத்தா 47,000 மரம். தோண்டிப் பாத்தா எல்லாம் ஒரே வேர்ல வந்தது. ஒத்தை உயிர், 6,000 டன் கனம். அதுக்குச் சத்துரு நாகமும் இல்ல பூதமும் இல்ல, மானு. புதுசா வாற துளிர மானு கடிச்சுக் கடிச்சு, கெழட்டு மரத்துக்கு மாத்து இல்லாமப் போகுது. ஆஸ்திரேலியாவுல ஷார்க் பேன்னு ஒரு விரிகுடா, அங்க கடலுக்கடியில ஒரே ஒரு புல்லு 180 கிலோமீட்டருக்குப் பரவிக் கெடக்குன்னு 2022-ல மரபணுவச் சோதிச்சுச் சொன்னாவ. திருநெல்வேலியில புறப்பட்டு மதுரை தாண்டுற வரைக்கும் ஒத்தைப் புல்லு. வயசு 4,500 வருசம் இருக்கும்ங்காவ. தண்ணிக்குள்ள இருக்கதால தூக்குற செலவும் இல்ல, சாயுற பயமும் இல்ல. சத்தமில்லாம ஊர வளைச்சுப் போட்டுட்டு.

சரி, ஆளத் திங்குற பூவுக்கு வாரேன். அத வாசிக்கும்போது ஒங்க அத்தை பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தா. 'மனுசனத் தின்னா அதுக்குச் செமிக்குமா?'ன்னு கேட்டா. கேள்வின்னா அது கேள்வி. 1874-லயே நியூயார்க் பத்திரிகையில மடகாஸ்கர்ல ஆளத் திங்குற மரம் இருக்குன்னு ஒருத்தன் அளந்து விட்டுட்டான். பல வருசம் சனம் நம்புச்சு. அப்புறம் பூரா கப்சான்னு தெரிஞ்சுச்சு. பூச்சி திங்குற செடி பசிக்காகத் திங்கல. அதுக்குச் சோறு வெயில்ல இருந்து கெடச்சுருது. அது நிக்க மண்ணு தரித்திரம் பிடிச்ச மண்ணு. உரச்சத்துக்காகப் பூச்சிய வாங்குது. அமெரிக்காவுல கரோலினா சதுப்புல இருக்க வீனஸ் பொறிச்செடிய எடுத்துக்க: உள்ள இருக்க முடிய ஒருமட்டம் தொட்டா மூடாது. 20 நொடிக்குள்ள ரெண்டாம் மட்டம் தொடணும். மழைத்துளிக்கெல்லாம் வாயத் தொறந்து மூடுனா செலவு கட்டாதுல்லா. மூடுன பெறவு ஒரு ஈயச் செமிக்க ஒரு வாரம் போல ஆகும். ஒன் பூ குதிரையோட வீரன முழுங்கிட்டு மறுநாக் காலையில அடுத்தவனுக்கு வாயத் தொறக்குது. அழுகிப் போகும்டே, பூவு.

போர்னியோவுல கினபாலு மலையில ராஜா நெப்பந்தஸ்னு ஒரு குடுவைச்செடி. ஒரு குடுவையில ரெண்டு மூணு லிட்டர் பிடிக்கும். எப்பவாவது எலி விழுந்து செத்துருக்கு, அது நெசந்தான். ஆனா அதோட அன்றாட வருமானம் வேற. மலையில அணில்கணக்கா ஒரு மர மூஞ்சூறு உண்டு. அது குடுவை விளிம்புல ஏறி உக்காந்து, மூடியில கசியுற தேன நக்கும். நக்க எட்டுற தூரத்துல உக்காந்தா, பின்பக்கம் சரியாக் குடுவை வாய்க்கு மேல வரும். அளவெடுத்துப் பாத்துருக்காவ, உடம்பு நீளமும் மூடி தூரமும் ஒத்துப் போகுது. தின்னுக்கிட்டே அங்கயே கழிச்சுட்டுப் போயிரும். செடிக்கு வேண்டிய உரச்சத்து வந்துருச்சு. ஆளத் திங்குறத விட ஆளுக்குக் கக்கூஸ் கட்டிக் குடுக்கது லாபம்னு அந்தச் செடி கண்டுகிட்டு. ஒன் ராச்சியத்துப் பூவும் அப்படியே இருக்கட்டும். தேனு குடுக்கு, சனம் வரிசையில நிக்கி, வீரன் உள்பட. எவனும் சாகல, ஆனா அந்தப் பூவ வெட்டணும்னு சொன்னா ஊரே கத்தியத் தூக்கும். இத அச்சுல போட ஒனக்குத் தைரியம் இருக்கான்னு தெரியல. என்கிட்டக் கேட்டா இதுதான் புஸ்தகத்துலயே நல்ல அத்தியாயம்.

கடைசிக்கு முந்தின அத்தியாயத்துல வானளந்தான் வருசா வருசம் பூத்து, திருவிழா கொண்டாடுதாவ. பெரிய உடம்புக்காரனுக்கு எதுக்குடே வருசா வருசம் பூவு? மலையாளக் கரையிலயும் சிலோன்லயும் தாளிப்பனை உண்டு. ஓலை ஒண்ணு ஒரு திண்ணைய மூடும். அந்தக் காலத்துல ஏடு எழுதவும் குடை கட்டவும் அதான். முப்பது வருசத்துல இருந்து எண்பது வருசம் வரைக்கும் பூக்காது, காய்க்காது. சேத்து வைக்கும், சேத்து வைக்கும், தண்டு பூரா மாவாச் சேத்து வைக்கும். பெறவு ஒருநா உச்சியில ஒரு குருத்து கெளம்பும், ரெண்டு ஆளு, மூணு ஆளு உசரத்தத் தாண்டி விரியும், லட்சக்கணக்குல பூவு. கெளைச்ச பூங்கொத்துல உலகத்துலயே அதுதான் பெருசு. காய் முத்த ஒரு வருசம் போல ஆகும். முத்துனதும் மரம் செத்துரும். வச்சிருந்த பணம் பூரா ஒரே கல்யாணத்துல காலி.

வானளந்தான அப்படி ஆக்கு. எத்தனையோ தலைமுறையா அதுமேல குடியிருக்காவ, பூத்து எவனும் பாத்ததில்ல. பூத்தா என்ன ஆகும்னு பழைய ஏட்டுல மட்டும் இருக்கு, அத வாசிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான். ஒருநா விடியக்காலம், உச்சியில காவலுக்கு நிக்க பயலுக்கு இலைக்கு நடுவுல புதுசா ஒரு குருத்து தட்டுப்படுது. கீழ எறங்கி ராசாகிட்ட மொதல்ல சொல்லுவானா, பெண்டாட்டிகிட்டயா? நானா இருந்தா மூட்டையக் கட்டி, கழுதைய விலை பேசி முடிச்சுட்டுத்தான் ராசாவப் பாக்கப் போவேன். அவன் என்ன செஞ்சாம்னு எழுதி அனுப்பு. பொங்கலுக்கு வரும்போது கையோட கொண்டு வந்தாலுஞ் சரி. அத்தைக்கு அந்தக் கக்கூஸ் பூ என்னாச்சுன்னு வேற தெரியணுமாம்.